கோணக்காய் விதை

அந்த அக்காவின் வீட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் எங்கள் தோட்டத்தில் யாரும் கிடையாது. கசிப்புத் தேடி வந்த பொலிஸ்காரரும் அதில் அடக்கம். லயத்தில் யாரோ சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று தகவல் கேட்டு ஒவ்வொரு காம்பராவாகக் கிண்டிக்கொண்டு வந்தவர், அக்காவின் அடுப்புக்கு மேலே பரணில் தொங்கிய துணிப் பொட்டலங்களைக் கண்டதும் "மேவா மொனவாத?" என்று, இதெல்லாம் என்னவென்று சிங்களத்தில் அதட்டினார். அக்கா அசரவில்லை. ஒரு பொட்டலத்தை அவிழ்த்து, ஒரு பிடி போஞ்சி விதையை அள்ளி, அவர் கையில் பிடித்திருந்த தொப்பிக்குள்ளேயே போட்டார்.

"கெனியன்ன மாத்தயா, கெனியன்ன. கொண்டு போங்க. வீட்டுல நோனாகிட்ட குடுங்க. நல்லா காய்க்கும்."

தொப்பியைத் தலையில் வைக்கவும் முடியாமல், விதையைக் கொட்டவும் மனம் வராமல், அதைத் தட்டைப் போல ஏந்திக்கொண்டு அந்த மனிதர் படியிறங்கிப் போனார். லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கசிப்பு பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் இருந்தது என்பது வேறு கதை.

எங்கள் தேயிலைத் தோட்டம் கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே. லயம் என்றால் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகள்; அக்காவின் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர் தும்மினால் எங்கள் வீட்டில் அம்மா "நூறு" என்பார். என் அம்மாவுக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா, என்னைவிடச் சின்னதுகளுக்கும் அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொழுந்துச் சாக்கை நிறுக்கும் கணக்கப்பிள்ளை மட்டும் கூலிப் பதிவில் உள்ள எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்.

கொடுப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு பிடி அள்ளுவார். வாங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பார். பிறகு இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவார். முகத்தில் என்ன பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அந்த இரண்டாவது அள்ளல் தவறியதே இல்லை. "வெறுங்கையா போவாத" என்பார். ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு விதையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கொழும்பில் ஹோட்டல் குசினியில் வேலை பார்த்த அவருடைய புருஷன் தீபாவளிக்கு வந்து திரும்பும்போதும் பையில் ஒரு பொட்டலம் போகும். கொழும்பில் நான்கு பேர் படுக்கும் அறையில் அந்த மனுஷன் போஞ்சியை எங்கே நட்டாரோ, எனக்குத் தெரியாது. ஒரு தீபாவளிக்கு அவர் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. "வரும்போது வரட்டும்" என்றதோடு அக்கா அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

லயத்துக்குப் பின்னால் சரிவில் தோட்டத்துக்காரர்கள் காய்கறி போட விட்டிருந்த நிலத்தில்தான் எல்லாருடைய போஞ்சியும். கம்பு நட்டு, கொடி ஏற்றி, மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் இருட்டும்வரை அங்கேயே கிடப்போம். எல்லாரிடமும் இருந்தது அக்காவின் விதைதான். பழுப்பு நிறம், மேலே மெல்லிய கோடு. கடையில் காசு கொடுத்து விதை வாங்குகிறவரை எங்கள் லயத்தில் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

காய் எடுக்க லொறி வரும் நாளில் நானாவின் குரல்தான் முதலில் கேட்கும். கண்டி மார்க்கட்டுக்கு எடுத்துப் போகிற முஸ்லிம் வியாபாரி அவர். கூடைக்குள் கையை விட்டு, வளைந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பார்.

"கோவிச்சிக்காதீங்க அக்கா. நேர்க்காயா தாங்க. கோணலெல்லாம் மார்க்கட்ல ஒத்தனும் எடுக்கிறானில்ல."

நேரான காய் லொறியில் போகும். கோணக்காயில் கொஞ்சம் கறிக்கு. மிச்சக் கோணலைக் கொடியிலேயே விட்டுக் காயவைத்து விதைக்கு எடுப்போம். வேறு எதை எடுப்பது? நேர்க்காயைக் கொடியில் காயவிட்டால் அந்தக் கிழமை முழுவதும் அரிசி இல்லை. இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை, தலைமுறையாக அப்படித்தான். அக்கா மட்டும் அதற்கு ஒரு பாசத்தையும் சேர்த்துக்கொண்டார். நானா தள்ளிவைத்த காய்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே, "பாவம், இதுங்கள யாரும் கூப்புடல. எங்கிட்டயே இருக்கட்டும்" என்பார். கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

கோணலுக்குக் காரணம் நோய். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. இலை சுருண்டு, கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். சுருட்டை என்போம். பனி என்பார்கள், கண்ணூறு என்பார்கள், பக்கத்து மலைக்கு அடித்த மருந்து என்பார்கள். வருஷா வருஷம் நேர்க்காய் குறைந்துகொண்டு வந்தது. கீழ் லயத்தில் ஒருத்தி, "அக்காவோட வெத வந்த பெறகுதான் எங் கொடி சுருண்டுச்சு" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்லிவிட்டாள். அது காதில் விழுந்த அன்று அக்கா சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்.

நான் பேராதனைப் பக்கம் பயிர் நோய் பார்க்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். காலையில் கலஹா பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாலையில் நின்றுகொண்டே வருகிற உத்தியோகம். மறுநாள் நான் கிளம்பும்போது அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் காத்திருந்தார். கையில் பொட்டலம்.

"தம்பி, ஓங்க ஆபீஸ்ல வெதய சோதிக்கிறாங்களாமே. என் வெத சுத்தம்னு ஒரு வார்த்த வாங்கிட்டு வா. அது போதும். அவ வாய அடச்சிருவேன்."

எங்கள் மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். சிடுசிடுப்பானவர் என்று பெயர், ஆனால் நோய் பிடித்த இலையைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். வேகவைத்து ஆறிய மண்ணில் விதையைப் போடச் சொன்னார். செடிகள் நிற்கும் இடம் மெல்லிய வலையால் நாலு பக்கமும் மூடிய கூடு. அதற்கு இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். அங்கே நிற்கும்போது எனக்கு எப்போதும் மூச்சு முட்டும். பூச்சி ஒன்றுகூட உள்ளே வராது. ஆகவே உள்ளே முளைக்கிற செடிக்கு நோய் வந்தால், அது விதையோடு வந்தது என்று அர்த்தம்.

முதல் சோடி இலைகள் பார்க்க நன்றாக இருந்தன. நான் அக்காவிடம் "நல்லா மொளைச்சிருக்கு" என்று சொல்லியும்விட்டேன். அடுத்து மூன்று மூன்றாக இலை விரிந்தபோது மேடம் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச பாருங்கோ. இதில கரும்பச்சை, இதில வெளிறிக் கிடக்கு. விதைக்குள்ளயே இருந்து வந்திருக்கு."

"எல்லாத்துலயும் இல்லயே மேடம். கொஞ்சம்தானே?"

"ஓம், கொஞ்சம்தான். தோட்டம் முழுக்கப் பரவ அந்தக் கொஞ்சம் காணும். இலைக்குக் கீழ இருக்கிற அழுக்கணவன் பூச்சி இதில சாறு குடிச்சுப்போட்டுப் போய் மிச்சச் செடி முழுக்க நோயைக் குடுத்துப்போடும்."

"கெட்ட வெதய பாத்துப் பொறுக்கிட்டா?"

"எப்பிடிப் பொறுக்குவியள்? நல்ல வடிவான விதைக்குள்ளயும் இருக்கும்."

நான் அன்று மாலை சொன்னேன். அக்கா இஸ்தோப்பில் காய்ந்த காயை உடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு உடைப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் குடுத்தது எல்லாத்துலயும் நோயா?"

"எல்லாத்துலயும் இல்லக்கா. கொஞ்சத்துலதான்."

"எந்தக் கொஞ்சத்துல?"

நான் எழுந்தேன். அவர் கை வழக்கம்போலப் பொட்டலத்துக்குப் போனது, பிறகு மடியிலேயே இருந்துவிட்டது. கீழ் லயத்துக்காரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரை எளிதாக உட்காரவைத்துவிட முடியும் என்று நினைத்தால் அது தவறு. அந்த வார மழைக்கு முன்பே தன் கொடிகள் அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்டுக் கொளுத்தினார். அக்காவுக்கு என்னமோ பிடித்துவிட்டது என்று லயம் பேசியது. நான் அரசாங்க விதைக் கடையில் ரோஸ் நிற மருந்து பூசிய விதைப் பைக்கட் வாங்கிவந்து கொடுத்தேன். "சாயம் பூசின கல்யாணப் பொண்ணு மாதிரில இருக்கு" என்று சிரித்துக்கொண்டே நட்டார். கொடி ஏறியது. இலை ஒரே பச்சை. அக்கா காலையில் மலைக்குப் போகும் முன்பும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏதோ நானே முளைத்த மாதிரி.

பூ வைக்கும் நேரத்தில் சுருட்டை வந்தது.

வராமல் எப்படி இருக்கும்? மேலே, கீழே, இரண்டு பக்கமும் பழைய விதை. அழுக்கணவன் வேலியைப் பார்த்தா பறக்கும்? அக்கா வீடு வீடாகப் போனார். எல்லாரும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டுப் புது விதை போட்டால்தான் தப்பலாம் என்று நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். யாரும் அவரை அவமதிக்கவில்லை. பிளேன்டீ கொடுத்தார்கள்.

"மழ தொடங்கிருச்சே அக்கா. இத புடுங்கிட்டு எத நடுறது? கடையில வாங்க எங்க போறது?"

"காய் கொஞ்சம் கோணும், அவ்வளவுதானே. நேர்க்காய் அடியோட இல்லாம போயிறலயே."

ஒரு வீட்டில், "ஓங்களுக்கு வெத இல்லன்னா சொல்லுங்கக்கா, நாங்க தாரோம். நீங்க குடுத்ததுதானே" என்று ஒரு பிடி அள்ளி அவர் முந்தானையில் போட்டே விட்டார்கள். அதை அவர் மறுக்கவில்லை. மறுக்கிற பழக்கம் அவருக்கு எந்தப் பக்கமும் இருந்ததில்லை. திரும்பிவந்து சரிவின் நடுவில் நின்று கையை விரித்துக் காட்டினார்.

"சுத்தி எல்லாம் எங் கைதான் தம்பி. எங்கிட்டு பாத்தாலும் நான் குடுத்தது. எங்கிட்டு போவேன் நான்?"

வலைக்கூட்டின் இரண்டு கதவுக்கு நடுவே நிற்கிற மாதிரியே மூச்சு முட்டியது.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சிக்குக் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளை ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம். எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு, சம்பந்தம் பேச வரும் வெளித்தோட்டத்தாருக்கும் அது தெரியும். வெளித்தோட்டத்துக்குக் கட்டிக்கொடுக்கிற பெண்ணின் முந்தானையில் வேன் ஏறும் முன்பு போஞ்சி விதை முடிந்துவிடுவார்கள். மாமியார்தான் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும், அவர் வீட்டுக் கொல்லையில் நட வேண்டும். அதில் காய்த்த முதல் காயைக் கறிவைத்துப் புருஷனும் பெண்சாதியும் சாப்பிட வேண்டும். விதை முளைத்தால்தான் பெண்ணின் வயிறும் விளங்கும் என்பார்கள். அக்கா வழக்கமாக அள்ளிக் கொடுத்ததுதான் எப்படியோ இப்படிச் சடங்காகிவிட்டது. முடிச்சுப் போடுவது எப்போதும் அக்காதான். அப்படிப் போன விதை எத்தனை தோட்டத்தில் இருக்கிறதோ, அது அக்காவுக்கே தெரியாது.

அம்மா வெற்றிலையோடு போய் அழைத்தார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்த வாட்டி முடிச்சு வேணாமே. வேற எதாச்சும் குடுக்கறேன்" என்றார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்து குமுறினார். நான் விஷயத்தை விளக்கினேன். விதைக்குள் நோய் இருப்பதை, அது புது இடத்துக்கும் போய்விடும் என்பதை, மேடம் சொன்னதை எல்லாம்.

"ஓம் மேடம் வந்தா தாலிக்கு மஞ்ச அரைக்கப் போறா? ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் முடிஞ்ச கை எம் புள்ளைக்கு மட்டும் நோவுதாமா? முடிச்சு இல்லாம போனா அங்க என்னா பேசுவாங்க, ஒனக்கு தெரியுமா?"

தெரியும்.

அன்றிரவு அக்கா சுவரைத் தட்டிக் கூப்பிட்டார். இஸ்தோப்பில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"அங்கிட்டு நம்ம வெத போயிருக்கா தம்பி?"

"இல்லக்கா. இங்கருந்து அந்தத் தோட்டத்துக்கு யாரும் கட்டிப் போகலயே."

"அப்ப அங்க சுத்தமா?"

"அது தெரியலக்கா. நம்ம நோய் போகல, அது மட்டும் தெரியும்."

"சரி" என்றார்.

கல்யாணத்தன்று வேன் புறப்படத் தயாராக நிற்கும்போது அக்கா வந்தார். நல்ல சேலை, தலையில் பூ. மடியிலிருந்து பழுப்பு விதையை எடுத்தார். அள்ளி வைத்தார், தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்தார். இறுக்கி முடிந்தார். அம்மா ஆனந்தத்தில் அழுதார். தங்கச்சி அக்காவின் காலைத் தொட்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அத்தனையும் தெரிந்த மனுஷி, கடைசியில் நாலு பேர் பார்வைக்கு மடங்கிவிட்டாரே என்று முறைத்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

மழை நன்றாகப் பெய்த மாதம் தங்கச்சி ஃபோன் எடுத்தாள். ஸ்பீக்கரில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒன்னுகூட மொளைக்கல. தோண்டிப் பாத்தா அழுகிக் கெடக்கு. அத்த ஒன்னும் சொல்லல. ஆனா பக்கத்து வீட்டுல எல்லாம் என் வயித்தத்தான் பாக்கறாங்க."

அம்மா எழுந்த வேகத்தில் கதிரை சாய்ந்தது. அக்காவின் வாசலில் போய் நின்று அவர் போட்ட சத்தத்தில் மேல் லயத்திலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். மரியாதை எல்லாம் முதல் வரியிலேயே போய்விட்டது.

"நீயெல்லாம் ஒரு மனுசியா? எம் பொண்ணுக்கு மலட்டு வெதய முடிஞ்சிருக்கியே!"

அக்கா உள்ளேயிருந்து வந்தார். மறுப்பார், பழைய விதை என்பார், அங்கே மண் சரியில்லை என்பார் என்று நினைத்தேன். அதில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

"ஆமா. நான் வறுத்துதான் முடிஞ்சேன். நெறம் மாறாம லேசா வறுத்தேன்."

கல்யாணப் பெண்ணுக்கு வறுத்த விதை!

"அங்கயாச்சும் கொடி நல்லா இருக்கட்டும்னு வறுத்தேன். கொழம்பு வச்சிருவாங்கன்னு நெனச்சேன். நட்டுப் பாத்து புள்ள வயித்த பாப்பாங்கன்னு எனக்கு தோணவே இல்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. நோயைப் பற்றியே நினைத்து நினைத்து, தான் உண்டாக்கிய வழக்கத்தையே மறந்துவிட்டார். கூட்டம் கலைந்தது. நான் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். உன் மாமியாரிடம் சொல்லு என்றேன்.

"என்னன்னு சொல்றதுண்ணே? நோய் புடிச்ச வெத குடுக்காம வறுத்த வெத குடுத்தாங்கன்னா? எத சொன்னாலும் என் வீட்டுக்குத்தானே கேவலம்" என்று அழுதாள்.

அதன் பிறகு அக்காவின் வாசலில் யாரும் விதைக்கு நிற்கவில்லை. கொழுந்தெடுக்கப் போகும்போது பெண்கள் ஒரு அடி தள்ளி நடந்தார்கள். வெளித்தோட்டத்துக்குக் கட்டிப்போன, குழந்தைப் பேறில்லாத ஒருத்தி, நாலு வருஷத்துக்கு முன்பு தனக்கு முடிந்ததும் வறுத்த விதைதானோ என்று கேட்டாளாம். அது முளைத்துக் காய்த்ததை அவளே மறந்துவிட்டாள். பரணில் பொட்டலங்கள் புகையில் கறுத்துத் தொங்கின. அக்கா அவற்றை எரிக்கவும் இல்லை, நடவும் இல்லை.

அக்கா இப்போது உயிரோடு இல்லை. அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது பொலிஸ்காரரின் தொப்பி இல்லை, வறுத்த விதையும் இல்லை. அதற்கப்புறம் நடந்த ஒன்று.

தங்கச்சி மறுபடி ஃபோன் எடுத்தாள். குரலில் தெம்பு இருந்தது. "அம்மா குடுத்துவிட்ட வெத நல்லா வந்திருக்குண்ணே. அத்தைக்கு ரொம்ப சந்தோசம். கம்பு நட்டாச்சு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹுன்னஸ்கிரியவுக்குப் போன யாரோ ஒரு சொந்தக்காரரிடம், என்னிடம் மூச்சு விடாமல், எங்கள் கொல்லையில் எடுத்த விதையை அம்மா கொடுத்துவிட்டிருக்கிறார். முளைக்காத முடிச்சின் தோஷம் கழிய வேண்டுமாம். பிடுங்கிப் போடு என்று தங்கச்சியிடம் கத்தினேன். "எங் கையால புடுங்கவா? என்னண்ணே பேசுற நீ?" என்று வைத்துவிட்டாள். அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சுவர் ஒன்றுதானே. அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நான் வெளியே வந்தபோது இஸ்தோப்பில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம வெததானா?"

"ஆமாக்கா."

"வறுக்காததா?"

"வறுக்காதது."

எவ்வளவு பேச்சு வாங்கி, எவ்வளவு பேரை இழந்து இந்த மனுஷி மறித்து வைத்தாரோ, அது ஒரு பஸ் பயணத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் உடைந்து அழுவார் என்று பயந்து கிட்டே போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"மொளைச்சிருச்சா தம்பி?"

"மொளைச்சிருச்சுக்கா. கம்பு நட்டுட்டாங்களாம்."

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனாலும் கண் சிரித்தது. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும். "போ தம்பி, பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.